பாராலீகல் பட்டம்: செலவு யாருடையது, வரவு யாருடையது?

இந்தப் படிப்புக்கு எவ்வளவு செலவாகும், முடித்தால் என்ன சம்பளம் வரும்? என்னிடம் வரலாறு படிக்கும் மாணவிகள் இந்த இரண்டு கேள்விகளையும் கொஞ்சம் கூச்சத்தோடுதான் கேட்பார்கள். அறிவுக்காகப் படிக்க வேண்டிய இடத்தில் பணத்தைப் பற்றிப் பேசுகிறோமே என்ற கூச்சம். கூச்சப்பட ஒன்றும் இல்லை என்பதே என் பதில். ஒரு வீட்டில் அண்ணன் படிப்புக்குக் கடன் வாங்கும்போது யாரும் இவ்வளவு கறாராகக் கணக்குப் பார்ப்பதில்லை. தங்கையின் முறை வரும்போதுதான் பேனாவும் பேப்பரும் வெளியே வருகின்றன. கணக்குப் போடுவது என்று ஆகிவிட்டால், அதை நாமே முழுதாகப் போடுவோம்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படிப்பை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் பாராலீகல் ஆவதற்கான பட்டம். பாராலீகல் என்பவர் வழக்கறிஞரின் கீழ் வேலை செய்பவர். வழக்குக் கட்டுகளை ஒழுங்கு செய்வார், பழைய தீர்ப்புகளைத் தேடி எடுப்பார், மனுவின் முதல் வரைவை எழுதுவார், சாட்சிகளிடம் பேசிக் குறிப்பெடுப்பார், எந்தத் தேதிக்குள் எதைத் தாக்கல் செய்ய வேண்டும் என்று கண்காணிப்பார். நம் ஊர் வக்கீல் குமாஸ்தாவையும் ஜூனியரையும் பாதிப் பாதியாகச் சேர்த்ததுபோன்ற வேலை. ஆனால் நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதாட முடியாது, கட்சிக்காரருக்குச் சட்ட ஆலோசனை சொல்ல முடியாது. அமெரிக்காவில் இந்த வேலையில் இருப்பவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம். பெண்களின் வேலைக்கு எப்படி விலை வைக்கப்பட்டது என்பதை ஆண்டு வாரியாக, தீர்ப்பு வாரியாக இதில் பார்க்க முடிகிறது.

மேலோட்டமான கணக்கு

முதலில் எல்லோரும் போடும் கணக்கு. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகத்தின் 2023 மே மாதக் கணக்குப்படி பாராலீகலின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 60,970 டாலர். அதாவது பாதிப் பேர் இதற்கு மேல் வாங்குகிறார்கள், பாதிப் பேர் இதற்குக் கீழே. எல்லாத் தொழில்களையும் சேர்த்தால் அந்த ஆண்டின் இடைநிலைச் சம்பளம் 48,060 டாலர். வித்தியாசம் சுமார் 13,000 டாலர். வழக்கறிஞரின் இடைநிலைச் சம்பளம் 1,45,760 டாலர்.

இனிச் செலவு. அரசு நடத்தும் இரண்டாண்டு கம்யூனிட்டி காலேஜில், அந்தப் பகுதியில் குடியிருப்பவருக்கு 2023-24 கல்வியாண்டில் கட்டணம் சராசரியாக 3,990 டாலர். இரண்டு வருடத்துக்கு ஏறக்குறைய 8,000 டாலர். அரசுப் பல்கலைக்கழகத்தின் நான்காண்டுப் பட்டத்துக்கு, அதே மாநிலத்தவருக்கு வருடத்துக்கு 11,260 டாலர். தனியார் பல்கலைக்கழகம் என்றால் வருடத்துக்கு 41,540 டாலர். நான்கு வருடத்துக்கு ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிடும். இவை பாடக்கட்டணம் மட்டும். வீட்டு வாடகை, புத்தகம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கொடுக்கும் பணம், படிக்கும் காலத்தில் விட்டுப்போகும் கூலி எல்லாம் தனி.

இதைப் பார்த்தவுடன் கம்யூனிட்டி காலேஜில் படித்தால் லாபம், தனியாரில் கடன் வாங்கிப் படித்தால் நஷ்டம் என்று சொல்லத் தோன்றும். அது தவறான பதிலும் இல்லை. ஆனால் அந்த 13,000 டாலர் முழுவதும் பாராலீகல் பட்டத்தால் வந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த வேலையில் இருப்பவர்களில் பலர் ஆங்கில இலக்கியமோ அரசியலோ படித்துவிட்டு வந்தவர்கள். சிலர் அலுவலகத்திலேயே பழகி மேலே வந்தவர்கள். பெரும்பாலான மாநிலங்களில் இந்த வேலைக்குப் பட்டம் கட்டாயமே இல்லை. கலிஃபோர்னியா 2000-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றி, குறிப்பிட்ட படிப்போ அனுபவமோ உள்ளவர்தான் தன்னைப் பாராலீகல் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றது. மற்ற மாநிலங்களில் முதலாளி கேட்டால்தான் பட்டம்.

கட்டாயமில்லாத ஒரு பட்டத்தை இத்தனை பெண்கள் ஏன் தங்கள் கைக்காசு போட்டு வாங்குகிறார்கள்? அதற்குப் பழைய கதைக்குப் போக வேண்டும்.

தட்டச்சு மேசைக்குப் போகும் வழி

மைரா பிராட்வெல் 1869-ல் இல்லினாய் மாநிலத்தில் வழக்கறிஞர் தேர்வில் தேறினார். சிகாகோவில் சட்டப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கி நடத்திக்கொண்டிருந்தவர் அவர். மாநிலத்தின் வழக்கறிஞர்கள் அவருடைய பத்திரிகையைப் படித்துத்தான் புதிய தீர்ப்புகளைத் தெரிந்துகொண்டார்கள். ஆனால் பெண் என்பதால் அவருக்கு உரிமம் கிடைக்கவில்லை. 1873-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்த மறுப்பைச் சரி என்றது. பெண்ணின் இடம் மனைவி, தாய் என்ற நிலையில்தான் என்று ஒரு நீதிபதி தனியே எழுதி வைத்தார்.

ஏறக்குறைய அதே காலத்தில்தான் ரெமிங்டன் நிறுவனம் தட்டச்சு இயந்திரங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வழக்கறிஞராக நுழைய முடியாத அலுவலகத்துக்குள் பெண்கள் டைப்பிஸ்டாக நுழைந்தார்கள். 1870-ல் அமெரிக்காவின் ஸ்டெனோகிராபர்கள், டைப்பிஸ்டுகளில் நூற்றுக்கு ஐந்து பேர்கூடப் பெண்கள் இல்லை. 1930-ல் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் பெண்கள். ஆண்கள் பார்த்தபோது குமாஸ்தா வேலை என்பது முதலாளி ஆவதற்கான முதல் படி. பெண்கள் வந்த பிறகு அந்த வேலைக்கு மேலே படி இல்லாமல் போயிற்று.

சட்டம் படித்த பெண்ணுக்கும் அந்த மேசைதான் காட்டப்பட்டது. சாண்ட்ரா டே ஓ'கானர் 1952-ல் ஸ்டான்ஃபோர்டில் மிக உயர்ந்த இடத்தில் தேறி வெளியே வந்தார். வேலை கேட்டுப் போன அலுவலகத்தில் அவருக்கு டைப்பிங் எப்படி வரும் என்று கேட்டார்கள். செகரட்டரி வேலை வேண்டுமானால் பார்க்கலாம் என்றார்கள். கடைசியில் ஒரு மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில், சம்பளம் இல்லாமல், செகரட்டரியின் அறையில் ஒரு மேசை போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினார். 1981-ல் அவர் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி.

அந்த அறையில் ஏற்கெனவே இருந்த செகரட்டரிகளைப் பற்றி வரலாறு அதிகம் பேசுவதில்லை. அவர்கள் டைப் அடித்ததோடு நிற்கவில்லை. எந்த நீதிமன்றத்தில் எந்தப் படிவம், எத்தனை நகல், எத்தனை நாள் கெடு என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். 1970-களில் பாலினப் பாகுபாட்டு வழக்குகளை நடத்திய ரூத் பேடர் கின்ஸ்பர்க், தன் மனுக்களில் ‘செக்ஸ்’ என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வந்ததைப் பார்த்து, ‘ஜெண்டர்’ என்று போடலாமே, நீதிபதிகளின் கவனம் சிதறாது என்று சொன்னவர் தன் செகரட்டரிதான் என்று பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். நாம் இன்று பெண்ணியப் பேச்சில் சாதாரணமாகப் புழங்கும் ஒரு சொல் நீதிமன்றத்துக்குள் போன வழி அது. அந்த யோசனைக்குத் தனிச் சம்பளம் கிடையாது.

பட்டம் வந்த கதை

1960-களில் இரண்டு பக்கமிருந்து மாற்றம் வந்தது. ஒரு பக்கம், வறுமை ஒழிப்புத் திட்டத்தின் கீழ் அரசு ஏழைகளுக்கான சட்ட உதவி மையங்களைத் திறந்தது. வழக்கறிஞர்கள் போதவில்லை. அந்தந்தப் பகுதி மக்களையே பழக்கி, நலத்தொகை மறுக்கப்பட்டவர்களுக்காகப் பேச வைத்தார்கள். தானே அந்த அலுவலகங்களில் வரிசையில் நின்ற பெண்ணுக்கு எந்தப் படிவம் எங்கே முடங்கும் என்று தெரியும். இந்த வேலைக்கு வேண்டியது அனுபவம். பயிற்சிச் செலவை அரசு ஏற்றது.

இன்னொரு பக்கம், பெரிய வழக்கறிஞர் நிறுவனங்கள் செலவைக் குறைக்கப் பார்த்தன. வழக்கறிஞர் அல்லாதவரை மேற்பார்வையோடு சட்ட வேலையில் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 1967-ல் ஒரு கருத்துரையில் இசைவு தந்தது. அடுத்த ஆண்டு இதற்கென ஒரு குழுவையும் அமைத்தது. 1970-ல் ஃபிலடெல்ஃபியாவில் கல்லூரிப் பட்டதாரிகளைச் சில மாதங்களில் பாராலீகல் ஆக்கும் பயிற்சி நிலையம் தொடங்கியது. 1975-ல் வழக்கறிஞர் சங்கம் முதல் எட்டுப் படிப்புகளுக்கு அங்கீகாரம் கொடுத்தது. அதே 1975-ல், செகரட்டரிகளின் சங்கத்திலிருந்து பிரிந்து பாராலீகல்களுக்கென்று தேசியச் சங்கம் ஒன்று உருவானது. அடுத்த ஆண்டே சான்றிதழ்த் தேர்வும் வந்தது.

இங்கே நான் கவனிப்பது ஒன்று. செகரட்டரி தன் வேலையை வேலையிடத்திலேயே, சம்பளம் வாங்கிக்கொண்டு கற்றார். கற்றுக்கொடுத்த செலவு முதலாளியுடையது. பட்டம் வந்த பிறகு, அதே கல்வி கல்லூரிக்கு மாறியது. செலவு படிக்கும் பெண்ணின் தலையில் விழுந்தது. அதற்குப் பதிலாக அவருக்கு ஒரு பெயரும் மரியாதையும் கிடைத்தன. செகரட்டரி என்றால் காபி வாங்கி வரச் சொல்லலாம், பாராலீகலிடம் அப்படிச் சொல்ல முடியாது என்ற நம்பிக்கை. இந்த மரியாதையை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். தன் அறிவுக்கு ஒரு பெயர் வேண்டும் என்று கேட்ட பெண்கள் போராடிப் பெற்றது அது. ஆனால் அந்தப் பெயரால் வந்த பணம் யாரிடம் போனது என்பதையும் பார்க்க வேண்டும்.

15 டாலரும் 50 டாலரும்

இதற்கு விடை 1989-ல் வந்த ஒரு தீர்ப்பில் இருக்கிறது. மிசூரி மாநிலத்தின் கான்சஸ் நகரப் பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகளைப் பிரித்து வைத்ததை எதிர்த்து நடந்த நீண்ட வழக்கு. தோற்ற மாநில அரசு, வென்ற தரப்பின் வழக்கறிஞர் கட்டணத்தைக் கொடுக்க வேண்டும். பாராலீகல்களும் சட்ட மாணவர்களும் செய்த வேலைக்கு எந்த விலையில் கொடுப்பது என்று தகராறு. அவர்களுடைய சம்பளம், சலுகைகள், அலுவலகச் செலவு எல்லாம் சேர்த்தாலும் மணிக்கு 15 டாலர்தான், அதைக் கொடுத்தால் போதும் என்றது மாநில அரசு. வழக்கறிஞர்கள் கட்சிக்காரர்களிடம் சந்தையில் வாங்கும் விலை மணிக்கு 35 முதல் 50 டாலர். உச்ச நீதிமன்றம் சந்தை விலையையே கொடுக்கச் சொன்னது.

கறுப்பினக் குழந்தைகளுக்காக வாதாடிய வழக்கறிஞர்களுக்குக் கிடைத்த அந்தத் தீர்ப்பு நியாயமானதுதான். குறைந்த செலவில் வழக்கு நடக்க வேண்டுமானால் பாராலீகல்களைப் பயன்படுத்த ஊக்கம் வேண்டும் என்பது நீதிமன்றத்தின் வாதம். நான் பார்ப்பது அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியை. அரசு சொன்ன கணக்கு சரியென்றால், 50 டாலருக்கு விற்ற ஒரு மணி நேரத்தில் 35 டாலர் நிறுவனத்துக்கு மிச்சம். தட்டச்சு செய்த செகரட்டரியின் நேரம் நிறுவனத்துக்குச் செலவு. பாராலீகலின் நேரம் நிறுவனத்துக்கு வருமானம். பட்டம் செய்த மாற்றம் அது. படிக்கக் காசு போட்டவர் பெண், மிச்சத்தை எடுத்தது நிறுவனம். 2008-ல் இன்னொரு வழக்கிலும் இதே கேள்வி வந்தது. மணிக்கு 35 டாலர் போதும் என்றது கீழ் அமைப்பு. நிறுவனம் கேட்டது 50 முதல் 95 டாலர் வரை. அப்போதும் சந்தை விலைதான் வென்றது.

1989 தீர்ப்பின் அடிக்குறிப்பில் இன்னொரு விஷயம் இருக்கிறது. வெறும் எழுத்தர் வேலையை, யார் செய்தாலும், பாராலீகல் விலையில் பில் போடக் கூடாது என்று அது சொல்கிறது. அதாவது ஒரே பெண் காலையில் சாட்சியத்தைச் சுருக்கி எழுதினால் அந்த மணிக்கு விலை உண்டு. மதியம் அதே வழக்கின் கட்டை அடுக்கி வைத்தால் விலை இல்லை. கட்டு அடுக்கப்படாவிட்டால் காலையில் எழுதியதைத் தேடி எடுக்க முடியாது என்பது அந்த வேலை செய்தவர்களுக்குத் தெரியும். சமையலுக்குப் பாராட்டு உண்டு, பாத்திரம் துலக்குவதற்கு இல்லை என்ற நம் வீட்டுக் கணக்கும் இதுதானே?

மிச்சத்தில் பங்கு கேட்கவும் வழியில்லை. வழக்கறிஞர் அல்லாதவரோடு கட்டணத்தைப் பங்கிடக் கூடாது என்பது வழக்கறிஞர் சங்கத்தின் 1983 நடத்தை விதி. சம்பளம் தரலாம், போனஸ் தரலாம், ஒரு வழக்கின் கட்டணத்தில் பங்கு தரக் கூடாது. அந்த விதிப்படி, எத்தனை வருடம் உழைத்தாலும் அவர் நிறுவனத்தின் பங்குதாரர் ஆக முடியாது.

ஓவர்டைம் கதை இன்னும் சுவையானது. வாரத்துக்கு 40 மணிக்கு மேல் உழைத்தால் ஒன்றரை மடங்கு கூலி தர வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம்; கற்றறிந்த தொழில் செய்பவர்களுக்கு அதில் விலக்கு. பாராலீகல் எந்தப் பக்கம்? டல்லாஸில் தொழிலாளர் துறை ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தின் மேல் போட்டிருந்த வழக்கில் 1994-ல் முடிவு வந்தது. பாராலீகல்கள் பொறுப்பான வேலை செய்கிறார்கள், அதனால் ஓவர்டைம் தேவையில்லை என்று ஜூரிகள் முடிவு செய்தார்கள். மரியாதை கிடைத்தது, காசு போயிற்று. 2004-ல் தொழிலாளர் துறை புதிய விதி எழுதியது: இந்த வேலையில் நுழைய உயர்நிலைச் சிறப்புப் பட்டம் பொதுவாகத் தேவைப்படுவதில்லை, ஆகவே பாராலீகல்கள் பொதுவாகக் கற்றறிந்த தொழிலர் ஆக மாட்டார்கள், ஓவர்டைம் உண்டு. இப்போது காசு கிடைத்தது. பட்டம் வாங்கியவருக்கு, உன் பட்டம் தொழிலுக்கு அடையாளமில்லை என்ற பதிலும் சேர்ந்து கிடைத்தது. என்னைக் கேட்டால் ஓவர்டைமைத்தான் எடுத்துக்கொள்வேன். மரியாதைக்காகக் கூலியை விட்டுக்கொடுப்பது பெண்களுக்குப் பழகிப்போன பேரம்.

கடன் வாங்கியவர்கள்

பட்டம் என்றால் மரியாதை என்ற ஆசையை விற்றுப் பிழைத்தவர்களும் உண்டு. கொரிந்தியன் காலேஜஸ் என்ற லாப நோக்கு நிறுவனம் எவரெஸ்ட் போன்ற பெயர்களில் அமெரிக்கா முழுதும் கல்லூரிகளை நடத்தியது. மருத்துவ உதவியாளர், பாராலீகல் போன்ற படிப்புகளை விளம்பரப்படுத்தியது. வேலை கிடைத்தவர்களின் எண்ணிக்கையைப் பொய்யாகக் காட்டியதாகவும், துணை இல்லாத, தன்னம்பிக்கை குறைந்த ஏழைகளைத் தேடிப் பிடித்துச் சேர்த்ததாகவும் 2013-ல் கலிஃபோர்னியா அரசு வழக்குத் தொடர்ந்தது. 2015-ல் நிறுவனம் திவாலானது. அங்கே படித்த 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனைத் தள்ளுபடி செய்வதாக மத்திய அரசு 2022-ல் அறிவித்தது. மூடியதற்கும் தள்ளுபடிக்கும் இடையில் ஏழு வருடம். அந்த வருடங்களில் கட்டிய தவணைகளையும் கடனால் தள்ளிப்போன வாழ்க்கையையும் எந்தச் சம்பளப் பட்டியலிலும் பார்க்க முடியாது.

கையெழுத்து யாருடையது

படிப்பால் வருமானம் உயர வேண்டுமானால், படித்தவர் தன் பெயரில் தொழில் செய்ய முடிய வேண்டும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2007 முதல் பாராலீகல்களுக்கு உரிமம் உண்டு. சிறு தொகை வழக்குகள், போக்குவரத்துக் குற்றங்கள், வாடகைத் தீர்ப்பாயங்கள் போன்றவற்றில் அவர்களே கட்சிக்காரருக்காக வாதாடலாம், கட்டணம் வாங்கலாம்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2012-ல் இதேபோல ஒரு முயற்சி செய்தது. குடும்ப வழக்குகளில் வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு உதவ, தனி உரிமம் பெற்ற சட்டத் தொழில்நுட்பர்கள். விவாகரத்து, பிள்ளைப் பராமரிப்பு, குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாப்பு ஆகிய வழக்குகளில் வந்து நின்ற பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் முதலில் விதித்த நிபந்தனை, சிறப்புப் படிப்போடு 3,000 மணி நேர அனுபவம். சேர்ந்தவர்கள் குறைவு. செலவுக்கு ஏற்ற ஆர்வம் இல்லை என்று சொல்லி 2020-ல் மாநில உச்ச நீதிமன்றம் புதிய உரிமங்களை நிறுத்த முடிவெடுத்தது. ஆனாலும் அந்த வழி முற்றிலும் அடைபடவில்லை. யூட்டாவும் அரிசோனாவும் தங்கள் வகையில் உரிமம் கொடுத்துவருகின்றன.

நமக்கு இதில் என்ன

இந்தியாவில் பாராலீகல் என்ற சொல் வேறு வடிவில் வந்தது. தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு 2009-ல் சட்டத் தன்னார்வலர் திட்டத்தைத் தொடங்கியது. ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், சுயஉதவிக் குழுப் பெண்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று பலரும் அதில் சேரலாம். படிப்புக் கட்டணம் இல்லை. சம்பளமும் இல்லை, வேலை செய்த நாளுக்கு மதிப்பூதியம். அமெரிக்கப் பெண் தன் காசைக் கொடுத்துப் பயிற்சி பெறுகிறார் என்றால், நம் ஊர்ப் பெண் தன் நேரத்தைக் கொடுத்துச் சேவை செய்கிறார். இரண்டிலும் அந்த வேலையின் முழு விலை அவர் கைக்கு வருவதில்லை.

ஆகவே, இந்தப் படிப்பாகட்டும், நம் ஊரில் பெண்களை நோக்கி விளம்பரம் செய்யப்படும் வேறு எந்தத் ‘துணை’ப் படிப்பாகட்டும், கட்டணத்தையும் சம்பளத்தையும் எழுதிக் கழித்துப் பார்த்த பிறகு இன்னும் நான்கு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். இந்த வேலையைப் பட்டமில்லாமல் செய்பவர்கள் இருக்கிறார்களா, அவர்கள் என்ன வாங்குகிறார்கள்? என் ஒரு மணி நேரத்தை முதலாளி என்ன விலைக்கு விற்கிறார்? கூடுதல் மணிக்குக் கூலி உண்டா? பத்து வருடம் கழித்து என் பெயரில் கையெழுத்துப் போட முடியுமா?

முதல் கேள்விக்குப் பதில் கம்யூனிட்டி காலேஜின் 8,000 டாலரை நியாயப்படுத்தலாம். கடன் வாங்கிச் சேரும் ஒன்றரை லட்சத்தை நியாயப்படுத்தாது. மற்ற மூன்றுக்கும் பதிலைக் கல்லூரி விளம்பரத்தில் தேடினால் கிடைக்காது. அந்த வேலையில் பத்து வருடம் இருந்த ஒரு பெண்ணிடம் போய்க் கேட்க வேண்டும்.